‘இதே மாதிரி இன்னொன்று’: கதையும் திகிலும் புதிரும் கலந்த கேம்களைத் தேடும் வழி

என் அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தவள், என் கணினியில் லிட்டில் நைட்மேர்ஸ் என்ற விளையாட்டை இரண்டே இரவுகளில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரோடு வந்து நின்றாள். "மாமா, இதே மாதிரி இன்னொன்று சொல்லுங்கள்" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "லிம்போ" என்றேன். இருட்டில் தனியாகப் போகும் ஒரு சிறு பிள்ளை, ஒரு வார்த்தைகூடப் பேசாத கதை, வழி நெடுகப் புதிர்கள். பத்துப் பொருத்தமும் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள். "நன்றாகத்தான் இருக்கிறது மாமா. ஆனால் இது அது இல்லை."

ஜாதகம் பொருந்தியும் மனம் பொருந்தாத இந்த நிலை, கதையும் திகிலும் கலந்த புதிர் விளையாட்டுகளைத் தேடும் எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்ந்திருக்கும். ஒன்றை முடித்ததும் மனத்தில் ஒரு காலியிடம் விழுகிறது. அதை நிரப்ப இன்னொன்றை வாங்குகிறோம். அட்டைப்படம் ஒத்துப்போகிறது, விவரம் ஒத்துப்போகிறது, உள்ளே போனால் ஒட்டவில்லை. எங்கே பிசகுகிறது என்பதைப் புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்காக எழுத நினைத்தேன். கதைகளின் முடிவு எதையும் இங்கே உடைக்கப்போவதில்லை.

முதலில் ஒரு சொல். இந்தப் பக்கம் வந்தால் அடிக்கடி காதில் விழுவது இன்டி கேம். அப்படியென்றால் பெரிய நிறுவனத்தின் பணமும் நூற்றுக்கணக்கான ஆட்களும் இல்லாமல், சிறு குழுவோ தனி ஆளோ தம் விருப்பப்படி உருவாக்கும் விளையாட்டு. எல்லை அவ்வளவு கறாரானது அல்ல. லிட்டில் நைட்மேர்ஸை உருவாக்கியது சுவீடனின் மால்மோ நகரத்து டார்சியர் ஸ்டுடியோஸ்; 2017இல் அதை வெளியிட்டதோ பண்டாய் நாம்கோ என்ற ஜப்பானியப் பெருநிறுவனம். இதை இன்டி என்று சொல்லலாமா கூடாதா என்று வரிந்துகட்டுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை.

சிறு குழுக்கள் இந்தக் கலவையை நாடுவதற்குக் காரணம் இருக்கிறது. சண்டைக் காட்சிகளும் பரந்த உலகமும் செய்யப் பணமும் ஆளும் வேண்டும். பூட்டிய அறை, பாதி வெளிச்சம், சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் ஆகியவற்றுக்குக் கற்பனை போதும். புதிரோ ஆடுபவரை அந்த அறையிலேயே நிறுத்திவைக்கிறது. ஓடிக் கடந்துவிட்டால் போய்விடும் பயம், சாவியைத் தேடி அதே மேசையை நான்காம் முறை திறக்கும்போது நன்றாக ஊறிவிடுகிறது.

குறிச்சொல் என்ற புளி

ஸ்டீம் போன்ற, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளில் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் குறிச்சொற்கள் இருக்கும்: திகில், புதிர், கதை செறிந்தது, இன்டி. 2014 முதல் ஸ்டீமில் ஆடுபவர்களே இவற்றைச் சேர்க்கலாம். தேடலின் முதல் படிக்கு இது பயன்படும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஏனென்றால், குறிச்சொல் சொல்வது உள்ளே போட்ட பொருளை. நாக்கில் நின்ற சுவையை அல்ல. சாம்பாரிலும் புளி இருக்கிறது, புளியோதரையிலும் இருக்கிறது. புளியோதரை கேட்டவருக்குச் சாம்பார் ஊற்றுவதற்கு அது காரணமாகாது.

ஃபிரான் போ, சோமா என்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2015இல் வந்தவை, இரண்டும் சுவீடனில் உருவானவை. திகில், கதை, புதிர் என்ற மூன்று சொற்களும் இரண்டுக்கும் பொருந்தும். ஃபிரான் போவில் பெற்றோரைப் பறிகொடுத்த பத்து வயதுச் சிறுமி, தன் கறுப்புப் பூனையைத் தேடி மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிக்கிறாள். கையால் வரைந்த படங்களின் மேல் மவுஸால் தட்டித் தட்டி ஆட வேண்டும். சோமாவில் கடலடி ஆய்வு நிலையத்தில் ஓர் ஆள் தனியாக நடக்கிறான். அவன் கண்ணே நம் கண். முதலாவதை உருகி உருகி ஆடியவர், குறிச்சொல்லை நம்பி இரண்டாவதை வாங்கினால் அவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். எது நடக்கும் என்று குறிச்சொல்லால் சொல்ல முடியாது. அவர் எதற்காக உருகினார் என்பது தெரிந்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்த ‘எதற்காக’ என்பதைத்தான் ஆடுபவரின் உந்துதல் என்கிறார்கள். இது புதிய யோசனை அல்ல. எழுத்துகளால் மட்டுமே ஆன பழைய இணைய விளையாட்டுகளை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுபவர்களைச் சாதிப்பவர், துருவுபவர், பழகுபவர், வீழ்த்துபவர் என்று நால்வகையாக அவர் பிரித்தார். எல்லோரும் நுழைவது ஒரே உலகம். ஆனால் ஒருவர் புள்ளி சேர்க்க வருகிறார், ஒருவர் மூலை முடுக்கைப் பார்க்க வருகிறார், ஒருவர் அரட்டைக்கு வருகிறார், மற்றவர் பிறரைச் சீண்ட வருகிறார். பின்னாளில் நிக் யீ, நிக்கோலா டுஷெனோ இருவரும் தொடங்கிய குவான்டிக் ஃபவுண்ட்ரி என்ற ஆய்வு நிறுவனம், பெருந்திரளானோரிடம் கேள்விகள் கேட்டு உந்துதல்களைப் பன்னிரண்டாக வகுத்தது. கதை, கற்பனை உலகம், கண்டுபிடிப்பு, சவால், முழுமையாக முடிப்பது, பரபரப்பு போன்றவை அவற்றில் அடங்கும். ஒருவரை ஒரே பெட்டியில் அடைக்காமல், ஒவ்வோர் உந்துதலும் அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது இதன் நல்ல அம்சம்.

நம் தேவைக்கு இந்தச் சல்லடை கொஞ்சம் பெரிய கண்ணுடையது. ‘கதை பிடிக்கும், கண்டுபிடிப்பு பிடிக்கும், சண்டை பிடிக்காது’ என்று தெரிந்துகொண்டு இந்த வகைக்குள் வந்தால், ஏறக்குறைய எல்லாமே அதற்குப் பொருந்தும். ஆகவே இதே வகைக்குள் பிரித்துப் பார்க்க வேறு கேள்விகள் வேண்டியிருக்கின்றன. எனக்கு உதவியவை மூன்று: பயம் எங்கிருந்து வந்தது? புதிர் எதைக் கேட்டது? கதை எப்படி வந்து சேர்ந்தது?

எதைக் கண்டு பயந்தீர்கள்

பயத்தை வகைபிரிக்க வெளியே போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறை". அணங்கு என்றால் மனிதரை மீறிய சக்தி. அடுத்தவை விலங்கும் தீய மனிதரும். இறை என்பது நம்மை ஆளும் தலைமை. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு திகில் விளையாட்டுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்; அவ்வளவு கச்சிதமாகப் பிரிகின்றன.

லிம்போவின் தொடக்கத்தில் வரும் ராட்சதச் சிலந்தி விலங்கச்சம்; அதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். லிட்டில் நைட்மேர்ஸில் மஞ்சள் மழைக்கோட்டுச் சிறுமியைத் தேடித் துழாவும் நீண்ட கைகளும், சமையலறையின் பருத்த உருவங்களும் மூன்றாம் வகை: பெரியவர்கள் என்ற கள்வர்கள். லிம்போவைச் செய்த டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இன்சைட், காட்டில் பிள்ளையைத் துரத்தும் முகமூடி ஆட்களோடு தொடங்கி மெல்ல மெல்ல நான்காம் வகைக்குள் போகிறது. ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே ஆட்டமுறை. ஆனால் பயத்தின் ஊற்று வேறு. லிம்போ பிடித்த எல்லோருக்கும் இன்சைட் பிடித்துவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இறையச்சத்தை மிகக் கூர்மையாகக் கையாண்டது, எனக்குத் தெரிந்தவரை, தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட டிடென்ஷன். 1960களின் தைவான், இராணுவச் சட்டக் காலம். தடை செய்யப்பட்ட புத்தகத்தைப் படித்தாலே ஆள் காணாமல்போகும் ஊரில், புயல் இரவில் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொள்ளும் இரு மாணவர்களிடமிருந்து கதை தொடங்குகிறது. பேய்களும் வருகின்றன. ஆனால் கதை போகப் போக, அவற்றைவிட அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறோம். இதே குழுவின் அடுத்த படைப்பான டிவோஷன் 2019இல் வந்த சில நாட்களிலேயே ஸ்டீமிலிருந்து நீங்கியது. சீன அதிபரைக் கேலி செய்யும் சொற்கள் ஒரு சுவர்ப்படத்தில் இருந்ததுதான் பிரச்சினை. 2021 முதல் அதை அவர்களே தம் தளத்தில் விற்கிறார்கள். இறைக்கு அஞ்சுவதைப் பற்றி விளையாட்டு செய்தவர்களுக்கு அதுவே நேரில் வந்து நின்றது.

இந்த வகை விளையாட்டுகளைப் பற்றிப் பேச இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அது தன்னையே நம்ப முடியாத பயம். ஃபிரான் போவில் சிறுமி மாத்திரை விழுங்கினால் அறை இரத்தமும் நிழல்களுமாக மாறிவிடும். எது நிஜ அறை என்று நமக்கும் தெரியாது. சோமாவின் பயமும் இதுதான்: நான் என்பது எது? இதை விரும்புகிறவருக்குச் சிலந்தியோ பேயோ ஒரு பொருட்டல்ல.

புதிர் எதைக் கேட்கிறது

புதிர் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. இந்தக் குழப்பத்தால்தான் அதிகப் பேர் தவறான விளையாட்டை வாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

முதலாவது பூட்டுப் புதிர். எண் பூட்டு, குறியீடு, இழுப்பறைக்குள் இழுப்பறை. ஆம்ஸ்டர்டாமில் இருவர் தொடங்கிய ரஸ்டி லேக் இதற்கென்றே பிறந்தது போலிருக்கிறது. 2015 முதல் கியூப் எஸ்கேப் என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட சிறு விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் அறை, நான்கு சுவர், தட்டிப் பார்க்கப் பத்துப் பொருள். அதற்குள் ஓர் ஏரி, காக்கைத் தலை மனிதர், தலைமுறை தலைமுறையாக விடாத ஒரு குடும்பச் சாபம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. புதிய ஆளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். காசு போகாது, தனக்கு என்ன பிடிக்கும் என்பதும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பூட்டுப் புதிரில் இன்னும் பசி இருப்பவர்களுக்கு ஜெர்மனியில் இருவர் மட்டும் உருவாக்கிய சிக்னாலிஸ் (2022) இருக்கிறது. ஆனால் அதில் துப்பாக்கியும் தட்டுப்பாடான தோட்டாவும் உண்டு. பையில் ஆறே பொருள்தான் வைத்துக்கொள்ள முடியும். லொரெலை அண்ட் தி லேசர் ஐஸ் (2024) பக்கம் போகிறவர்கள் நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மிகையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது உடற்புதிர். பெட்டியை நகர்த்து, கயிற்றில் தொங்கு, சரியான நொடியில் குதி. லிம்போ, இன்சைட், லிட்டில் நைட்மேர்ஸ் மூன்றும் இந்த ரகம். இங்கே விடை தெரிந்தாலும் கை ஒத்துழைக்க வேண்டும். லிம்போவில் செத்துச் செத்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது உயிர். சிலருக்கு எட்டாம் முறை அதே முள்பொறியில் மாட்டும்போது பயம் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது துப்புப் புதிர். கதவு எதுவும் திறக்காது. உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும், அவ்வளவுதான். லூக்கஸ் போப் தனியாளாக உருவாக்கிய ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) இதற்கு நல்ல சான்று. 1807ஆம் ஆண்டு, ஆளில்லாமல் கரைக்கு வந்த கப்பல், அதில் இருந்த அறுபது பேருக்கும் என்ன நேர்ந்தது என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நீங்கள் கணக்கெடுக்க வேண்டும். சடலத்தின் அருகே கடிகாரத்தைத் திறந்தால் அவர் இறந்த கணம் உறைந்து நிற்கும். உச்சரிப்பு, உடை, யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பவற்றை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் விதியைச் சரியாக எழுதினால்தான் விளையாட்டு ‘சரி’ என்று ஒப்புக்கொள்ளும், ஆகவே குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது. இதைத் திகில் விளையாட்டு என்று எல்லோரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டிடென்ஷனில் துண்டுத் தாள்களை அடுக்கி ‘ஓ, அப்படியானால் அவள்தான்...’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு, அதே நிமிர்தலை இது பலமுறை தரும்.

கதை எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வியை நீட்ட வேண்டியதில்லை. சிலவற்றில் பாத்திரங்கள் பேசிப் பேசிச் சொல்கிறார்கள்: 2016இல் வந்த ஆக்ஸன்ஃப்ரீயில் தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள் வாயே மூடுவதில்லை, புதிரும் பெயரளவுக்குத்தான். சிலவற்றில் சொல்லே கிடையாது. பார்த்ததை வைத்து நீங்கள் கட்டிக்கொள்வதுதான் கதை. முடிந்த பிறகு நண்பர்களோடு வாதாடப் பிடிக்கும் என்றால் இரண்டாம் வகை. முடிவு கையில் கிடைத்தால்தான் தூக்கம் வரும் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விரும்பியதும் பொறுத்துக்கொண்டதும்

இந்த மூன்று கேள்விகளையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு விளையாட்டு பிடித்துவிட்டால் அதில் இருந்த எல்லாமே பிடித்ததாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பாதியை நாம் பொறுத்துக்கொண்டிருப்போம். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்காக வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனவருக்குப் பஸ் பயணம் பிடிக்கும் என்று முடிவுகட்டினால் எப்படி?

சோமாவின் கதையே இதற்குச் சாட்சி. அதை உருவாக்கிய ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ், அம்னீசியா (2010) மூலம் ‘ஓடு, ஒளி’ திகிலுக்குப் பேர்போன குழு. சோமாவிலும் அதே போலத் துரத்தும் உருவங்களை வைத்தார்கள். ஆனால் ஆடிய பலர் வந்தது அந்தக் கடலடி நிலையத்தின் கேள்விக்காக. துரத்தலை அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தார்கள். உருவங்கள் தாக்காதபடி மாற்றும் ஒரு சிறு நிரலை ரசிகர் ஒருவரே எழுதி வெளியிட்டார். பிறகு 2017 டிசம்பரில் ஃபிரிக்‌ஷனலே அதிகாரபூர்வமாக ‘சேஃப் மோட்’ கொண்டுவந்தது: உருவங்கள் இருக்கும், அச்சுறுத்தும், ஆனால் கொல்லாது. திகில் விளையாட்டிலிருந்து ஆபத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று சிலர் கேட்டார்கள். எனக்கு மிஞ்சியது போதுமானதாக இருந்தது. 2024இல் வந்த க்ரோ கன்ட்ரி, எதிரிகளே இல்லாமல் சுற்றிப்பார்க்கும் முறையைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ள விடுகிறது. தேடும்போது இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஒதுக்கிவைத்த பல விளையாட்டுகள் திரும்பி வரும்.

அக்கா மகளிடம் வருவோம். லிம்போ தோற்ற மறுநாள் அவளிடம் வேறு விதமாகக் கேட்டேன். "விளையாட்டை விடு. எந்தக் காட்சியை உன் தோழியிடம் சொன்னாய்?" சமையலறையில் மேசைக்கு அடியில் ஒளிந்ததைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு. லிட்டில் நைட்மேர்ஸில் நோம் என்ற கூம்புத் தலைக் குட்டி உருவங்கள் அங்கங்கே பயந்து ஓடும். அவற்றைப் பிடித்தால் சிறுமி கட்டிக்கொள்வாள். கட்டாயமில்லை, செய்யாமலும் போகலாம். இவள் ஒன்று விடாமல் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். குதித்து ஓடும் இடங்களோ? "அதெல்லாம் தலைவிதி என்று செய்தேன் மாமா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் விரும்பியது பயத்துக்கு நடுவே கிடைத்த ஒரு கைப்பிடி அன்பு. நான் அவளுக்குக் கொடுத்தது, அன்பு கடுகளவும் இல்லாமல், அவள் பொறுத்துக்கொண்ட ஓட்டம் மட்டும் நிறைந்த ஒன்று.

அடுத்து சொன்னது இப். ஜப்பானில் கோரி என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் 2012இல் இலவசமாக வெளியிட்டது. 2022இல் மெருகேற்றிய பதிப்பு விலைக்கு வந்தது. லிட்டில் நைட்மேர்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலிருந்து பார்க்கும் புள்ளிப் படங்கள், பேசும் பாத்திரங்கள், பூட்டுப் புதிர்கள். ஒன்பது வயதுச் சிறுமி பெற்றோரோடு ஓவியக் கண்காட்சிக்குப் போய், ஓவியங்களின் உலகத்துக்குள் மாட்டிக்கொள்கிறாள். அவள் உயிர் ஒரு சிவப்பு ரோஜாவில் இருக்கிறது. அடிபட்டால் இதழ் உதிரும், பூச்சாடியில் வைத்தால் மீண்டும் மலரும். வழியில் கேரி என்ற இளைஞன் துணைக்கு வருகிறான். அவனிடமும் ஒரு ரோஜா. உடன் வருபவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறும். அவள் அதை ஒரே மூச்சில் ஆடினாள். ஒரு முடிவைப் பார்த்து அழுதுவிட்டு, அதை மாற்றுவதற்காக மறுபடியும் தொடங்கினாள்.

தேடும் இடங்கள்

காட்சி தெரிந்த பிறகு தேடுவது எளிது. நான் முதலில் பார்ப்பது பாராட்டுகளை அல்ல, குறை சொல்லும் விமர்சனங்களை. ‘சும்மா நடந்துகொண்டே இருக்கிறது, புதிரே இல்லை’ என்று ஒருவர் திட்டியிருந்தால், கதைக்காக மட்டும் வருகிறவருக்கு அதைவிடச் சிறந்த சிபாரிசு கிடையாது. ‘ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் திணறினேன்’ என்பது பூட்டுப் பிரியர்களின் காதில் தேன். பாராட்டுபவர்களோ பெரும்பாலும் ‘அருமை, சூழல் அபாரம்’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அதை வைத்து என்ன செய்வது?

உருவாக்கியவர்களைத் தொடர்ந்து போவது இன்னொரு வழி. கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஃபிரான் போவின் குழு 2019இல் லிட்டில் மிஸ்ஃபார்ச்சூனை வெளியிட்டது. அதே கை வரைந்த உலகம், அதே இருண்ட குறும்பு. ஆனால் புதிர் மிகவும் குறைவு. புதிருக்காக வந்தவர் ஏமாறுவார், சிறுமியின் குரலுக்காக வந்தவர் மகிழ்வார். சுவீடனின் சிமோகோ 2013இல் உருவாக்கிய இயர் வாக், அந்நாட்டு நாட்டார் நம்பிக்கை ஒன்றில் பிறந்த குளிர்காலக் காட்டுக் கதை. நான் முன்னே சொன்ன லொரெலையும் அவர்களுடையதுதான். இரண்டுக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். சுவையும் அவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது. கருவியைத் தொடர்வதும் சில சமயம் பலன் தரும்: இப் போலவே ஆர்பிஜி மேக்கர் என்ற எளிய மென்பொருளில் ஜப்பானியர் பலர் தனியாளாகத் திகில் விளையாட்டுகள் செய்தார்கள். தி விட்சஸ் ஹவுஸ் அதே 2012இல் வந்தது.

ஸ்டீமில் ஆண்டுக்குச் சில முறை நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று ஒரு வாரம் நடத்துகிறார்கள். வரப்போகும் விளையாட்டுகளின் டெமோக்களை அப்போது இலவசமாக ஆடிப் பார்க்கலாம். வாங்கிய பிறகு ஒட்டவில்லை என்றால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த வகையில் முழு விளையாட்டுமே இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவது உண்டு. முழுவதும் ஆடி முடித்துவிட்டுப் பணம் கேட்பது, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பில் கட்டாமல் போவது போன்றது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பல நேரம் ஒரே ஓர் ஆள்.

எச்சரிக்கைக் குறிப்புகளையும் படித்துவிடுங்கள். ஃபிரான் போவின் ஓவியங்கள் கதைப்புத்தகம் போலிருப்பதால் சிறுபிள்ளைகளுக்கு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது கொலையும் சிதைவும்.

போன வாரம் அக்கா மகள் விடுதியிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மூன்றே வரி. ‘பிடித்தது: கேரியோடு பேசிக்கொண்டே நடந்தது. பொறுத்துக்கொண்டது: ஓவியங்கள் துரத்தியது. அடுத்து வேண்டியது: நிஜமாகவே கூட ஓர் ஆள்.’ ரஸ்டி லேக் 2022இல் வெளியிட்ட தி பாஸ்ட் வித்தின் என்று பதில் போட்டேன். அதைத் தனியாக ஆடவே முடியாது. ஒருவர் கடந்த காலத்தில் இருப்பார், மற்றவர் எதிர்காலத்தில்; ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது. இவர் அறையில் இருக்கும் குறியீடுதான் அவர் அறையின் பூட்டுக்கு விடை, அதை வாயால் விவரித்தே ஆக வேண்டும். அன்று இரவு பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. "மாமா, உங்கள் பக்கம் மேசை மேல் என்ன இருக்கிறது? மெதுவாகச் சொல்லுங்கள்" என்றாள்.